வாக்கு முறிந்தபின் வணிகம்: கிந்தாப் பள்ளத்தாக்கின் வரலாறு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் அரசாங்கத்தின் புள்ளிவிவர ஏடுகளையும் சான்றாகக் கொள்வர். அவை வேண்டியனவே. ஆனால் சிற்றூர் மளிகைக் கடையொன்றின் கல்லாப்பெட்டி அருகில் கிடக்கும் பற்றுப் புத்தகத்தைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்ட வரலாறு நம்மிடையே அரிதினும் அரிது. யார் எவ்வளவு அரிசி வாங்கினார், எந்த மாதம் கணக்கைத் தீர்த்தார், எந்த மாதத்திலிருந்து தீர்க்க முடியாமற் போயிற்று என்னும் செய்திகளெல்லாம் அப்புத்தகத்தில் உள்ளன. பெரிய ஒப்பந்தங்கள் முறிகின்றபோது அவற்றின் சுமை இறுதியில் எங்கே வந்து இறங்குகிறது என்பதை அது காட்டும்.

அரசாங்கம் ஒன்றோ பலவோ சேர்ந்து, 'இப்பொருளை இன்ன விலைக்குக் குறையாமல் நாங்கள் வாங்கிக்கொள்வோம்' என்று வாக்களிக்கின்றன. அவ்வாக்கை நம்பி மக்கள் முதலீடு செய்கின்றனர், கடன் வாங்குகின்றனர், கடன் கொடுக்கின்றனர். ஒருநாள் அவ்வாக்கு நின்றுபோகிறது. அதற்குப் பின்னர்ச் சிறு வணிகர் என்ன ஆனார்கள்? யார் பிழைத்தனர்? யார் வீழ்ந்தனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்குப் பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு சிறந்த பாடநூலாகும். 1985-ஆம் ஆண்டின் ஈய வீழ்ச்சியே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

ஈயத்தைச் சூழ்ந்த வாழ்வு

நாம் ஈயம் என்று வழங்குவது வெள்ளீயம் ஆகும். பேராக்கில் 1840-களின் இறுதியில் லாருட் பகுதியில் தொடங்கிய ஈயத் தொழில், 1880-களில் கிந்தாவுக்குப் பரவிற்று. அதன்பின் நூறாண்டுக் காலம் ஈப்போ, பத்து காஜா, கோப்பெங், கம்பார், பாப்பான், பூசிங், தஞ்சோங் துவாலாங் ஆகிய ஊர்களின் வாழ்வும் தாழ்வும் ஈயத்தின் விலையோடு பின்னிக் கிடந்தன.

இப்பள்ளத்தாக்கில் ஈயம் எடுக்கும் முறைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ஐரோப்பிய நிறுவனங்கள் பெருமுதலிட்டு நடத்திய ஈயக் கப்பல். தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938-இல் கட்டப்பட்டது. 4,500 டன் எடையுள்ளது. 1982 வரை உழைத்தது. மற்றொன்று, பெரும்பாலும் சீனக் குடும்பங்கள் நடத்திய மணல்பம்பு முறை. நம் மக்கள் 'லம்பம்' என்று வழங்கியது இத்தகைய சுரங்கங்களையே. நீரை மிக விசையாகப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பர். கரைந்த சேற்றைப் பம்பு கொண்டு உயரே ஏற்றி, 'பாலோங்' எனப்படும் சாய்ந்த மரக்கால்வாயில் ஓடவிடுவர். கனமான ஈய மணல் தங்க, மற்றவை ஓடிவிடும்.

இம்மணல்பம்புச் சுரங்கம் ஒன்று இயங்குவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சேற்றிலுள்ள மணல் பம்பின் இரும்பு உறுப்புகளை ஓயாமல் தேய்த்துவிடும். ஆதலால் புதிய உறுப்புகளை வார்த்துக் கொடுக்கும் வார்ப்படப் பட்டறை வேண்டும். ஈப்போவை அடுத்த மெங்லெம்பு வட்டாரத்தில் அத்தகைய பட்டறைகள் பெருகியதன் காரணம் இதுவே. மரக்கால்வாய்க்கு மரவாடி வேண்டும். எண்ணெய் கொண்டுவரவும் ஈய மணலை ஏற்றிச் செல்லவும் லாரி வேண்டும். தொழிலாளர்க்கு அரிசி, பருப்பு, உப்புமீன், சவர்க்காரம் தரும் மளிகைக் கடை வேண்டும். காப்பிக் கடை, முடிதிருத்தகம், சலவைக் கடை, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, நகைக்கடை, அடகுக்கடை என இப்பட்டியல் நீளும்.

கிந்தாவின் நிலவமைப்பு, சுரங்கத்தையும் ரப்பர் தோட்டத்தையும் அடுத்தடுத்து வைத்திருந்தது. பள்ளத்தில் லம்பம், மேட்டில் கித்தாக் காடு. ஆதலால் சிற்றூர்க் கடைவீதியில் நம்மவர் நடத்திய கடைகளுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர் இருந்தனர். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் வந்தார். லம்பத்துத் தொழிலாளியும் வந்தார். இருவரும் மாதச் சம்பளம் பெற்றபின் கணக்குத் தீர்க்கும் பற்று வாடிக்கையாளர். கடைக்காரரோ ஈப்போவிலிருந்த மொத்த வணிகரிடம் தாமும் பற்று வைத்திருந்தார். அம்மொத்த வணிகர் பினாங்கில் பற்று வைத்திருந்தார். இவ்வாறு ஈயத்தின் விலை என்னும் ஒரே ஆணியில் ஓர் ஊரின் கடன் முழுவதும் மாட்டப்பட்டிருந்தது.

அரசுகள் கொடுத்த வாக்கு

ஈயத்தின் விலை ஓர் ஆண்டு ஏறுவதும் மறு ஆண்டு இறங்குவதும் பழைய கதை. இதைத் தடுக்க, உற்பத்தி நாடுகளும் நுகர்வு நாடுகளும் சேர்ந்து அனைத்துலக ஈய ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. முதல் ஒப்பந்தம் 1956-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்பட்டு, ஆறாம் ஒப்பந்தம் 1982-இல் தொடங்கிற்று. ஒப்பந்தத்தை நடத்தியது இலண்டனில் தலைமையகம் கொண்ட அனைத்துலக ஈய மன்றம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அரசுகள் அதில் உறுப்பியம் பெற்றிருந்தன.

மன்றத்தின் கையிலிருந்த கருவி காப்பிருப்பு. ஈய விலை குறித்த தரை விலைக்கு அருகில் இறங்கினால், காப்பிருப்பு மேலாளர் சந்தையில் ஈயத்தை வாங்கிக் கிடங்கில் வைப்பார். விலை மிக ஏறினால் கிடங்கிலிருந்து விற்பார். இது போதாதபோது உற்பத்தி நாடுகள் தம் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளும். ஆறாம் ஒப்பந்தத்தின் தரை விலை கிலோ ஒன்றுக்கு 29 வெள்ளி 15 காசு. அதற்குக் கீழே விலை போகாது என்பதுதான் கிந்தாச் சுரங்கக்காரரின் நம்பிக்கை. தனித்தனிச் சுரங்கத்தோடு எவரும் பத்திரம் எழுதிக் கையெழுத்திடவில்லை. எனினும் நடைமுறையில் அது, 'விற்காமற் கிடப்பதை அரசுகள் வாங்கும்' என்னும் வாக்கே ஆகும்.

அவ்வாக்கின் அடித்தளம் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தது. அமெரிக்காவும் பொலிவியாவும் ஆறாம் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஒப்பந்தத்தில் சேராத பிரேசில், அமேசான் காட்டில் புதிய பெருஞ்சுரங்கத்தைத் திறந்து உற்பத்தியைப் பெருக்கிற்று. பானக் குவளைகளில் ஈயம் பூசிய தகட்டின் இடத்தை அலுமினியம் பிடித்தது. அமெரிக்க அரசு தன் போர்க்காலச் சேமிப்பிலிருந்த ஈயத்தைத் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தது. மலேசியாவின் உற்பத்தி 1972-இல் 76,000 டன்னைக் கடந்து உச்சத்தைத் தொட்டபின், ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாலும் வளமான நிலம் தீர்ந்துபோனதாலும் 1985-இல் ஏறக்குறைய 37,000 டன்னாகக் குறைந்துவிட்டது. விலையைத் தாங்கிப் பிடிக்க, மேலாளர் வங்கிகளிடமும் தரகரிடமும் கடன் வாங்கி ஈயத்தை வாங்கிக் குவித்தார்.

1985 அக்டோபர் 24

அன்று காப்பிருப்பு மேலாளர், தம்மிடம் பணம் தீர்ந்துவிட்டது, இனி வாங்க இயலாது என்று இலண்டன் உலோகச் சந்தைக்கு அறிவித்தார். இலண்டன் சந்தை ஈய வணிகத்தை நிறுத்திற்று. ஓராண்டுக்கு முன்னர், 1984 அக்டோபரில், பினாங்குச் சந்தைக்குப் பதிலாக ஏற்படுத்தப்பட்டிருந்த கோலாலம்பூர் ஈயச் சந்தையும் மூடப்பட்டது. மன்றத்தின் கடன் ஏறக்குறைய 900 மில்லியன் பவுன் என்று தெரியவந்தது. கோலாலம்பூர்ச் சந்தை 1986 பிப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே விலை கிலோவுக்கு ஏறக்குறைய 15 வெள்ளி அளவுக்கு வீழ்ந்தது. அதாவது பாதியாயிற்று.

கிலோவுக்கு 15 வெள்ளி விலையில் பெரும்பாலான மணல்பம்புச் சுரங்கங்களால் எண்ணெய்ச் செலவைக்கூட ஈடுகட்ட இயலவில்லை. பம்புகள் நின்றன. பம்பு நின்றால் குழியில் நீர் ஊறும். ஊறிய நீரை இறைக்காமல் விட்டால் சுரங்கம் குளமாகிவிடும். பின்னர் விலை ஏறினாலும் அதை மீண்டும் திறப்பது எளிதன்று. ஆகவே பலருக்கு அது தற்காலிக ஓய்வாக இல்லாமல் நிலையான முடிவாகவே அமைந்தது. மலேசியாவின் ஈய உற்பத்தி 1993-இல் ஏறக்குறைய 10,000 டன் அளவுக்குச் சுருங்கிற்று. ஈப்போ 1988-இல் மாநகராக உயர்த்தப்பட்டது. அவ்விழா நடந்தபோது அந்நகரை வளர்த்த தொழில் படுத்துக் கிடந்தது என்பது வரலாற்றின் முரண்.

துன்பம் தனித்து வரவில்லை. 1985-இல் மலேசியப் பொருளாதாரமே சுருங்கிற்று. ரப்பர், செம்பனை எண்ணெய், பெட்ரோலியம் ஆகியவற்றின் விலைகளும் தாழ்ந்தன. 1986 ஆகஸ்டில், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற்று நடந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன. சுரங்கம் மூடியபோது எடுத்துச் செலவழிக்கலாம் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்க முடியாமற் போயிற்று.

இலண்டனில் வழக்கு, கிந்தாவில் மௌனம்

வாக்கு முறிந்தால் என்ன செய்யலாம்? பணமுள்ளோர் நீதிமன்றம் சென்றனர். மன்றத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் உலோகத் தரகர்களும் உறுப்பு நாடுகளின் மீது வழக்குத் தொடுத்தனர். நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1989 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, ஈய மன்றம் உறுப்பு நாடுகளிலிருந்து வேறான தனி ஆளுமை உடையது, ஆதலால் அதன் கடனுக்கு அந்நாடுகள் நேரடியாகப் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. எனினும் பேச்சுவார்த்தை வழி ஒரு சமரசம் ஏற்பட்டு, 1990-இல் உறுப்பு நாடுகள் 182.5 மில்லியன் பவுன் கொடுத்துக் கணக்கை முடித்தன. கடன் கொடுத்தவர்க்குக் கிடைத்தது கேட்டதில் ஒரு சிறு பங்கே; ஆயினும் ஏதோ கிடைத்தது.

பத்து காஜாவிலோ கம்பாரிலோ பற்றுக் கொடுத்த மளிகைக் கடைக்காரர் யார்மீது வழக்குத் தொடுப்பது? தம் வாடிக்கையாளரான தொழிலாளியின் மீதா? அவரே வேலை இழந்தவர். சுரங்கக்காரர் மீதா? அவரே கடனில் மூழ்கியவர். இலண்டன் மன்றத்தின் மீதா? அதன் பெயரையே கடைக்காரர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். இலண்டனிலிருந்த காப்பிருப்பு தீர்ந்த பின்னும், கிந்தாவில் இன்னொரு காப்பிருப்பு சில மாதங்களுக்குத் தாக்குப்பிடித்தது. அதுதான் மளிகைக் கடையின் பற்று. சம்பளம் நின்ற வீடுகளுக்கு அரிசி கொடுத்தது அது. அந்தக் காப்பிருப்புக்கு எந்த அரசும் நிதி ஒதுக்கவில்லை. எந்த நீதிமன்றமும் அதன் இழப்பைக் கணக்கிடவில்லை.

பிழைத்தவர் எவ்வாறு பிழைத்தனர்?

சிறு வணிகரும் சிறு தொழிலரும் இவ்வீழ்ச்சியிலிருந்து மீண்ட விதத்தை நோக்கினால், ஓர் உண்மை புலனாகிறது. யாருடைய மூலதனம் கைத்திறனிலோ கருவியிலோ நிலத்திலோ இருந்ததோ, அவர் வேறொரு வாங்குவோரைத் தேடிக்கொள்ள முடிந்தது. யாருடைய மூலதனம் பிறருக்குக் கொடுத்த கடனாக இருந்ததோ, அவரால் அதை எங்கும் எடுத்துச் செல்ல முடியவில்லை.

வார்ப்படப் பட்டறைகளை முதலில் காண்போம். பம்பு உறுப்பை வார்க்கத் தெரிந்த கைகளுக்கு வேறு உறுப்பை வார்ப்பது புதுக்கலை அன்று. அச்சை மாற்றினால் போதும். ரப்பரை அழித்துச் செம்பனை நடப்பட்டு வந்த காலம் அது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உறுப்புகள் வேண்டியிருந்தன. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போவில் கல் உடைக்கும் தொழிலுக்கும் பளிங்குத் தொழிலுக்கும் இயந்திரப் பாகங்கள் வேண்டியிருந்தன. பட்டறைகளுள் தாக்குப்பிடித்தவை இவ்வழிகளில் திரும்பின. லாரிக்காரரும் அவ்வாறே. ஈய மணலை ஏற்றிய வண்டி, கட்டட மணலையும் சல்லிக் கற்களையும் ஏற்றலாயிற்று. நூறாண்டுகளாக ஈயத்தைப் பிரித்தெடுத்தபின் கழிவென்று குவித்த மணல்மேடுகளே விற்பனைப் பொருளாயின.

அடுத்தது குளங்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் மீன் வளர்த்தனர். கரையில் வாத்து வளர்த்தனர். ஒரு காலத்தில் ஈயக் கப்பலுக்குப் பெயர்பெற்ற தஞ்சோங் துவாலாங், பின்னர் நன்னீர்ப் பெரிய இறாலுக்குப் பெயர்பெற்றது. அதை உண்பதற்காகவே வெளியூரார் வந்ததால் உணவகங்கள் எழுந்தன. மணல்பாங்கான பழைய லம்ப நிலத்தில் கோழி எருவும் உரமும் இட்டுக் காய்கறியும் கொய்யாவும் பயிரிட்டனர். தம்புன் பகுதியின் பம்பளிமாசு முன்பே புகழ்பெற்றது. சாலையோரக் கடைகள் அதை விற்று வாழ்ந்தன.

ஊரை விட்டுச் சென்றோரும் பலர். ஈப்போ, கம்பார் வட்டாரத்து இளைஞர் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். முறையான அனுமதியின்றி ஜப்பானுக்கும் தைவானுக்கும் சென்று உழைத்துப் பணம் அனுப்பினோரும் உண்டு. கடைவீதியில் மீண்டும் பணம் புழங்கியதற்கு அப்பணமும் ஒரு காரணம்.

எல்லா மாற்றமும் நன்மையில் முடியவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். ஈயம் பிரித்த கழிவில் 'அமாங்' எனப்படும் கனிமக் கலவை கிடைக்கும். அதிலுள்ள மோனசைட் என்னும் கனிமத்திலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிக்கும் தொழிற்சாலையொன்று 1982-இல் புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கிற்று. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உள்ளது. கழிவைக் கண்டு அஞ்சிய ஊர் மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1993 இறுதியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டாலும், 1994-இல் நிறுவனம் தொழிற்சாலையை மூடிவிட்டது. கழிவைக் காசாக்கும் ஆர்வம், அக்கழிவின் இயல்பை அறியாமல் விரைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இஃதொரு சான்று.

பயிரிட்டுப் பிழைத்தோர்க்கும் ஒரு குறை தொடர்ந்தது. பழைய லம்ப நிலத்தில் உழைத்தோருள் பலர்க்கு நிலப்பட்டா இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமமே இருந்தது. சிலரிடம் அதுவும் இல்லை. ஓர் அரசு வாக்கு முறிந்ததால் வேறு தொழிலுக்கு வந்தவர்கள், புதிய தொழிலிலும் மற்றோர் அரசுத் தாளை நம்பியே நிற்க நேர்ந்தது.

முன்னும் பின்னும்

1985-இல் நடந்தது பேராக்குக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் இதே பாடத்தை அதற்கு முன்பே படித்தனர். 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தின் வழி மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்திற்று. 1925-இல் இலண்டனில் இறாத்தல் நான்கு ஷில்லிங்கைக் கடந்தது. கட்டுப்பாட்டில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் தம் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டன. 1928 ஏப்ரலில், திட்டம் அவ்வாண்டு நவம்பரோடு நிறுத்தப்படும் என்று பிரதமர் பால்டுவின் அறிவித்தார். உடனே விலை சரிந்தது. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில், 1932-இல் அது இறாத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் பற்றுக் கொடுத்த கடைக்காரரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? கடன்பட்டவரே கடல்கடந்து போனபின் கணக்குப் புத்தகம் வெறுங் காகிதம்.

1950-களின் பிற்பகுதியில் மற்றொரு நெருக்கடி வந்தது. விடுதலை பெற்ற நாட்டில் தம் எதிர்காலம் பற்றி ஐயுற்ற வெள்ளைக்காரத் தோட்ட உரிமையாளர் தம் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தோட்டம் துண்டானால் தொழிலாளியின் வேலையும் வீடும் போகும். தோட்டத்தை நம்பிய கடையும் போகும். அப்போது பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெற்றனர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். வாக்கை நம்பியிருப்பதைவிட நிலத்தை உடைமையாக்குவது மேல் என்னும் அறிவு அதிலே செயல்வடிவம் பெற்றது.

1985-க்குப் பின்னும் ஒன்று நிகழ்ந்தது. ஈயத்துக்கு இருந்ததுபோல ரப்பருக்கும் 1980 முதல் அனைத்துலக இயற்கை ரப்பர் அமைப்பு இயங்கிற்று. அதன் தலைமையகம் கோலாலம்பூரிலேயே இருந்தது. ஈய மன்றம் கடன் வாங்கிக் கெட்டதைக் கண்ட ரப்பர் அமைப்பு, உறுப்பு நாடுகள் தந்த நிதிக்குள்ளேயே தன் காப்பிருப்பை நடத்தி, கடனில் விழாமல் தப்பிற்று. எனினும் 1997-ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடியில் ரப்பர் விலை தாழ்ந்தபோது, அமைப்பு போதிய அளவு வாங்கவில்லை என்று உற்பத்தி நாடுகள் குறைபட்டன. மலேசியா விலகுவதாக அறிவித்தது, தாய்லாந்தும் விலகிற்று, 1999 அக்டோபரில் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அதற்குள் பேராக்கின் தோட்டங்களுள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. நகரை ஒட்டியவை வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் பெயர்ந்தனர். தோட்ட வாயிலிலிருந்த கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையடைத்தன. 1957-இல் இந்நாட்டில் 888-ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530-ஆகக் குறைந்ததற்கும் தோட்டங்களின் இவ்வழிவு ஒரு பெருங்காரணம். பள்ளியும் கடையும் ஒரே வேரில் நின்றவை.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து சிறு வணிகர் கற்கத்தக்கவை சில உண்டு. முதலாவது, ஒரே வாங்குவோரை நம்பிய வணிகம், அவ்வாங்குவோர் அரசேயாயினும், ஒற்றைக் காலில் நிற்கும் வணிகமே. அரசு ஒப்பந்தத்தை ஏற்கக்கூடாது என்பது இதன் பொருளன்று. அவ்வொப்பந்தத்துக்காக வாங்கும் இயந்திரமும் பழக்கும் ஆளும் வேறொரு வேலைக்கும் பயன்படுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே. மெங்லெம்புப் பட்டறைகளைக் காத்தது இப்பண்புதான்.

இரண்டாவது, பற்றுக்கு எல்லை வேண்டும். இதைச் சொல்வது எளிது. பிள்ளையின் கையில் பையைக் கொடுத்து, 'அடுத்த மாதம் தருகிறோம்' என்று சொல்லியனுப்பும் தாயிடம் இல்லையென்று சொல்லக் கடைக்காரரின் நாவு எழாது. எழாமற் போனதால்தான் பல கடைகள் மூடின. அது எழாமற் போனதால்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. இவ்விரண்டையும் ஒருசேர நினைக்க வேண்டும். அக்கடைக்காரரை வணிகம் தெரியாதவர் என்று எள்ளுவது நன்றியறியாமை. ஆயின் ஊர் தாங்க வேண்டிய சுமையை ஒரு தனிக்கடை தாங்கும்படி விடுவதும் முறையன்று. அதற்குத்தான் கூட்டுறவு வேண்டும்.

மூன்றாவது, கூட்டுறவுக்கும் காவல் வேண்டும். 1960-இல் தொழிலாளரின் பத்து வெள்ளிகள் தோட்டமாயின. 1986-இல் சேமிப்பாளரின் வெள்ளிகள் முடங்கின. இரண்டும் கூட்டுறவு என்னும் ஒரே பெயரால் நடந்தவை. முன்னது கண்ணுக்குத் தெரியும் நிலத்தில் பணத்தைப் போட்டது. பின்னதில் பல சங்கங்கள், உறுப்பினர் அறியாத வழிகளில் பணத்தைச் செலுத்தின. தம் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் உறுப்பினர் உள்ள சங்கமே நிலைக்கும்.

அரசுக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு திட்டத்தைத் தொடங்கும்போது விழா எடுக்கிறோம், பெயர்ப்பலகை நாட்டுகிறோம். அதை நிறுத்தும்போது ஒரே நாள் அறிவிப்போடு நிறுத்துகிறோம். ஸ்டீவன்சன் திட்டத்துக்காவது ஏழு மாத முன்னறிவிப்பு இருந்தது. ஈய மன்றம் அதையும் தரவில்லை. நிறுத்துவதற்கும் ஒரு முறை, ஒரு கால அவகாசம், கடைசி வரிசையில் நிற்பவர்க்கு ஓர் ஈடு ஆகியவை தேவை என்பதைக் கிந்தா காட்டியது.

ஈயம் முற்றும் அழிந்துவிடவுமில்லை. ஹுலு பேராக்கின் கிளியான் இந்தானில் சுரங்கம் தொடர்ந்து இயங்கி வந்துள்ளது. மின்னணுக் கருவிகளின் பற்றவைப்புக்கு ஈயம் தேவைப்படுவதால், 2022-இல் உலகச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு 40,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. ஆயின் கிந்தாவின் பழைய லம்பங்கள் இன்று வேறு உருக்கொண்டுள்ளன. கம்பாரில் அத்தகைய நிலத்தின்மேல் 2007-இல் ஒரு பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. மாணவர்க்கு உணவும் உறையுளும் அளிக்கும் புதிய சிறு வணிகம் அதைச் சூழ்ந்து வளர்ந்தது. அவ்வூர் மீண்டும் ஒரே வாடிக்கையாளரை நம்பத் தொடங்கியுள்ளது என்பதை அவ்வணிகர் மறவாதிருப்பாராக.

என் போன்ற ஆசிரியர்க்கு ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. பேராக்கில் இன்று 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியின் அருகிலும் பழைய கடை ஒன்றோ, கடை நடத்திய முதியவர் ஒருவரோ இருப்பார். கறையான் அரிக்குமுன் அவர்தம் பற்றுப் புத்தகங்களை மாணவர் சென்று பார்க்கட்டும். அவர் இசைந்தால், கடன்பட்டோர் பெயர்களை மறைத்து, தொகைகளையும் ஆண்டுகளையும் படியெடுக்கட்டும். 1985 அக்டோபருக்கு முன் எத்தனை பக்கங்களில் கணக்கு அடித்துத் தீர்க்கப்பட்டது, அதன்பின் எத்தனை பக்கங்கள் தீர்க்கப்படாமல் நின்றன என்று எண்ணட்டும். கணிதமும் வரலாறும் ஒருங்கே கற்கும் பாடமாக அது அமையும். இலண்டன் வழக்கில் சேராத அந்தத் தொகையை நாமாவது கூட்டிப் பார்த்து எழுதி வைப்போம்.